ஏழாம் வரிசை, பதினைந்தாம் இடம்

அக்டோபர் 13, திங்கள்

புரட்டாசி முடியப் போகிறது, வெயில் முடியவில்லை. மூன்று மணிக்கு மேல் வடக்கே கறுத்தது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற நாகலாபுரத்துக்காரர்களுக்கு நல்லது.

இன்று செய்தவை:
ஜமாஅத் ஆபீஸ் கூட்டியது.
மையவாடிக் கதவுப் பூட்டுக்கு எண்ணெய்.
கம்ப்யூட்டரில் கபர் பதிவு பார்த்தது. சொந்த வேலை கொஞ்சம்.
யு.பி.எஸ். பேட்டரி செத்து மூன்று மாதம் என்று செயலாளர் அப்பாஸிடம் மறுபடி சொன்னது. 'பாப்போம்ணே' என்றான். மூன்று மாதமாகப் பார்க்கிறான்.

இந்த வட்டாரத்தில் மையவாடிக்குக் கம்ப்யூட்டர் வைத்தது நாங்கள்தான் முதலில். அதை ஓட்டுகிற ஒரே ஆள் நான், ஒன்பதாம் வகுப்போடு நின்ற காதர் மைதீன். தூத்துக்குடியில் இருந்து கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து அரை மணி நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, 'எந்தக் காலேஜ்?' என்று கேட்டார்கள். லாரி என்றேன். ஆடிப்போய்விட்டார்கள்.

தங்கச்சி மகள் பர்வீன் எழுதித் தந்த சாஃப்ட்வேர். அவளுக்குக் கோயம்புத்தூரில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு கபருக்கும் வரிசை எண், இட எண், பேர், தகப்பன் பேர், நாள். கரிசல் மண்ணில் இது இல்லாமல் ஆகாது. மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும், வெடிப்பில் முழங்கை வரை போகும். தலைமாட்டுக் கல் ஒரு வருஷம் சாய்கிறது, மறு வருஷம் உள்ளே போய்விடுகிறது. யார் எங்கே அடக்கம் என்று கல்லைக் கேட்டுப் பயன் இல்லை.

மா. 4.20. இடி. மின்சாரம் நின்றது. கம்ப்யூட்டர் பட்டென்று படுத்துவிட்டது. நாலு சொட்டு மழை. பூட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மப்பு. மழை இல்லை. நேற்றைய நாலு சொட்டுக்குப் புழுதி மட்டும் மணந்தது.

கா. 10. கம்ப்யூட்டர் வந்தது. கபர் பதிவு வரவில்லை. ஒரு பெட்டி, அதில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் பெருக்கல் குறி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கான்ஃபிகரேஷன் சிஸ்டம் ஃபெயில்டு டு இனிஷியலைஸ். ஓ.கே. அமுக்கினால் பெட்டி போகிறது, சாஃப்ட்வேரும் கூடவே போகிறது. வேறு பட்டன் கிடையாது.

செய்து பார்த்தவை:
அணைத்துப் போட்டது, ஏழு தடவை.
மவுஸ் மாற்றியது.
ஃபேனை நிறுத்திவிட்டுப் போட்டது.
பிஸ்மில்லா சொல்லிப் போட்டது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மா. 5. சாகுல் வந்தான். இஸ்மாயில் அண்ணன் மகன், பஸ் ஸ்டாண்டு டீக்கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

'மாமா, அத்தாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு.'

'நல்லாயிட்டாரா?'

'நல்லாயிட்டா டாக்டர் ஏன் எம் முகத்தைப் பாக்காமப் பேசுதாரு? ரெண்டு நாளோ நாலு நாளோ.' கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். 'சின்னதுலயே போன ஜொஹரா அக்கா பக்கத்துல வைக்கணும்னு கேக்குதாவ. வேற ஒண்ணுமே கேக்கலை. அக்கா எங்கன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க.'

'நாளைக்குச் சொல்லுதேன்.'

'இப்ப பாக்கக் கூடாதா? பக்கத்துலதான இருக்கு.'

'அஸர் தொழுகைக்குப் பிறகு நான் அதைத் தொடுறதில்ல. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.'

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். நம்பிவிட்டுப் போனான். அதுதான் சங்கடம்.

அப்பாஸிடம் கேட்டேன். அவன் பேச்சு எப்போதும் சட்டப்புத்தகம்: 'உயிரோட இருக்கிறவங்களுக்கு இடம் ஒதுக்குறதில்லண்ணே, அது நமக்கு நாமே போட்டது. ஆனா அந்தப் பிள்ளை பக்கத்துல காலியா இருந்தா, நேரம் வரும்போது கொடுக்கலாம். காலியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.'

பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

காகிதத்தில் இருந்ததா என்றால், இருந்தது. இரண்டு தடிமனான நோட்டு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த அன்று, 'இனிமே காயிதம் எதுக்கு?' என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவன் நான். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே அல்லாஹ் பேர் எழுதியிருந்தது. குப்பையில் போட முடியாது, எரிக்கவும் மனசு வராது. வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியிலேயே புதைத்தோம். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். புதைத்த இடம் எது என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் இஸ்மாயில் அண்ணனைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

பக்கவாதம் வந்து மூன்று வருஷம். வலது கை இல்லாத மாதிரி. ஆறடி ஆள், கட்டிலில் பாதிதான் தெரிகிறார். ஆமினா மைனி கஞ்சியை ஆற்றிக்கொண்டே, 'ஏங்க, காதர் வந்திருக்காவ, கண்ணைத் திறங்க' என்றது. திறந்தார். வாய் கோணியபடி ஒரு சிரிப்பு.

'பொய்க்காரா.'

மூன்று மாதத்தில் அவர் இத்தனை தெளிவாகச் சொன்ன சொல் வேறு இல்லை என்று மைனி சந்தோஷப்பட்டது.

பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: 'வேப்ப மரத்துக்கு... இந்தப் பக்கம்.' இடது கையால் காற்றில் காட்டினார்.

சுற்றுச்சுவர் கட்டும் முன் நாலு வேம்பு நின்றது. நாலும் இப்போது இல்லை. தலையை ஆட்டினேன். 'கம்ப்யூட்டர்ல இருக்கு அண்ணே, பட்டனைத் தட்டினா வந்துரும்' என்றேன்.

ஜொஹரா கதையைப் பல இடத்தில் பல மாதிரி சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில், டீக்கடையில். நாக்பூரில் இருந்து ஒரே ராத்திரியில் லாரியை ஓட்டி வந்ததாக, வழியில் போலீஸ்காரனே அழுது வழிவிட்டதாக. நடந்தது இவ்வளவுதான். இரண்டு பேரும் தீப்பெட்டி லோடு. அவர் டிரைவர், நான் மாற்று டிரைவர். தந்தி லாரி ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து போன் வந்து, செய்தி எங்களைப் பிடிக்கும்போதே ஒரு நாள் போய்விட்டது. ஊர் வந்தது மூன்றாம் நாள் மத்தியானம். காய்ச்சலில் போன பிள்ளையை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அஞ்சு வயசு. அடக்கம் முடிந்திருந்தது. அவரை மையவாடி முக்கில் இறக்கிவிட்டேன். லோடு ரசீதைக் கொடுக்க வேண்டும் என்று லாரியை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கூடப் போயிருக்கலாம். ரசீது எங்கே ஓடிவிடும்?

மகள் குழியில் மூன்று பிடி மண் போடவில்லை என்ற குறை அவருக்கு இன்றுவரை உண்டு. முப்பத்தோரு வருஷம்.

மா. 6. பர்வீனுக்குப் போன். இப்போதாவது கேட்டேனே.

'என்ன வந்துச்சோ அதை அப்படியே படிங்க மாமா.'

படித்தேன்.

'கம்ப்யூட்டர் வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்போது திடீர்னு அணைஞ்சுச்சா?'

'சேச்சே.'

'மெயின் ஆஃப் பண்ணினீங்களா?'

'நானா? மெயினுக்கு மேல, கம்ப்யூட்டர் ஓடும்போது அணைக்காதேன்னு எழுதி ஒட்டினதே நான்தான், புள்ள.'

'அப்போ ஹார்டு டிஸ்க்குதான் போகுது. பேக்கப் இருக்குல்ல? வாரா வாரம் பென் டிரைவ்ல எடுக்கச் சொன்னேன்ல?'

'இருக்கே.'

பென் டிரைவில் இருப்பது கழுகுமலையில் நடந்த ஒரு கல்யாண வீடியோ. இடம் போதவில்லை என்று பழையதை அழித்தது நான்.

'பத்திரமா வைங்க. நல்ல ஆளா கூட்டிட்டு வந்து டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்க. ரொம்பத் தட்டாதீங்க.'

தூத்துக்குடிக் கோட்டுக்காரர்கள் நாலு பேர் வந்தபோது இவள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். என்னை இப்படிக் கேள்வி கேட்டிருக்க மாட்டாள்.

சாஃப்ட்வேரில் இடங்களுக்கு நிறம் வைக்கும் வசதி உண்டு. 'அது உங்க வசதிக்கு மாமா, டேட்டாவுல சேராது' என்று அவள் சொல்லித் தந்தது. ரொம்பப் பழைய கபருக்குச் சாம்பல். கல் மாற்ற வேண்டியதற்குச் சிவப்பு. மஞ்சள் ஒன்றே ஒன்று. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் தூறல். கால் வைத்த இடமெல்லாம் கரிசல் ஒட்டிக்கொண்டு ஆளுக்கு அரைக்கிலோ கூடுதல் எடை.

பாண்டியைக் கூட்டிவந்தேன். மார்க்கெட் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர். வேலை தெரிந்தவன், வாய் அதிகம்.

'பாய், இதுல கடைசியா கை வச்சது யாரு?'

'நான்தான்.'

'அதான பாத்தேன்.'

ரேம் தகட்டைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். அதே பெட்டி. கபர் சாஃப்ட்வேரையே நீக்கிவிட்டு மறுபடி போட்டான். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதிதாகப் போட்டதும் அதே பெட்டி, அதே சிவப்பு வட்டம். பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

'புதுசாப் போட்டும் இப்படின்னா உள்ளயே செத்துட்டு பாய். ஃபார்மேட் அடிச்சு எல்லாத்தையும் துடைச்சிருவோம். நாளைக்கு நாலு மணிக்கு வாரேன்.'

'உள்ள இருக்கிறது?'

'என்ன இருக்கு? பேக்கப் இருக்குன்னு சொன்னீங்கல்ல?'

அப்பாஸ் அங்கேதான் இருந்தான். 'இருக்குன்னுதான் அண்ணன் சொன்னாவ. செஞ்சிருவோம். இப்படியே எத்தனை நாளைக்கு? ஒரு ஜனாஸா வந்தா எங்கன தோண்டுறது?'

அதுதான் என்னையும் அரிக்கிறது. குழி வெட்டும் மஸ்தான் இருந்தவரை நோட்டே தேவைப்படவில்லை. கடப்பாரையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, 'இங்கன ஆள் இருக்கு' என்பார். அவரும் போன வருஷம் போய்விட்டார். காலி என்று தோண்டுகிற இடத்தில் ஒருத்தர் படுத்திருந்தால்? அந்த வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்வது? படுத்திருக்கிறவரிடம்தான் என்ன சொல்வது?

பர்வீன் தானே கூப்பிட்டாள். 'எனக்கு ஒத்து வரலை மாமா. டிஸ்க்கு போனா மத்ததும் திணறணும். உங்களுக்கு மத்தது எல்லாம் ஓடுது. யோசிச்சுச் சொல்லுங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சு?'

'ஒண்ணும் நடக்கலை.'

'சத்தியமா?'

'சிக்னல் இல்ல, பிறகு பேசுதேன்.'

சிக்னல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வழக்கம்போல மையவாடி. மைமூன் கபருக்கு முன்னால் நின்றேன். என் வீட்டுக்காரி போய் ஒன்பது வருஷம். ஏழாம் வரிசை, பதினாறு. பதினேழில் வேறு வீட்டுப் பெரியவர். இந்தப் பக்கம் பதினைந்து வெறும் தரை. அதற்கும் இந்தப் பக்கம் ஒரு சின்னக் கபர், கல் முழுக்க மண்ணுக்குள். வாரா வாரம் மைமூனுக்கு ஸலாம் சொல்லிவிட்டு அதற்கும் ஒன்று சொல்வேன். யார் என்று பதிவில் பார்த்ததில்லை. என் கண் எப்போதும் பதினைந்தில்தான் இருக்கும்.

பதினைந்தில் முன்பு வேர் கிடந்தது. அதனால்தான் மைமூனை வைத்தபோது அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். போன வருஷம் வேரைத் தோண்டி எடுத்தார்கள். அன்றைக்கே கம்ப்யூட்டரில் 7-15க்கு மஞ்சள் வைத்தேன். எனக்கு. யாருக்கும் ஒதுக்கக் கூடாது என்று கூட்டத்தில் கை தூக்கியவனும் நான்தான். டேட்டாவில் எழுதினால் அப்பாஸ் கண்ணில் படும். நிறம் என்றால் என் கண்ணுக்கு மட்டும்.

திங்கட்கிழமை எழுதியது பொய். மின்சாரம் நிற்கவில்லை. மஞ்சள் வெளிறிப்போய்த் தெரிகிறது என்று கொஞ்சம் அழுத்தமான மஞ்சளாக மாற்றிக்கொண்டிருந்தேன். இடி இடித்தது. இடி இடித்தால் இந்த ஊரில் யார் கையும் யோசிக்காது, மெயினுக்குப் போய்விடும். டி.வி. போன வீடு, மோட்டார் போன கிணறு, எத்தனை பார்த்திருக்கிறோம். நான் ஒட்டிய காகிதம் என் மூக்குக்கு நேரே. அதைப் படித்துக்கொண்டே மெயினைக் கீழே இறக்கினேன்.

தூத்துக்குடியில் இருந்து வந்தது ஒருத்தர்தான். கோட்டும் இல்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவர்.

மையவாடியில் நின்றபடி அங்கேயே பர்வீனைக் கூப்பிட்டேன். மணி இரண்டரை. பாண்டி வர ஒன்றரை மணி நேரம். மெயினைச் சொன்னேன். மஞ்சளைச் சொன்னேன். பென் டிரைவையும் சொன்னேன்.

போனைக் காதில் இருந்து எடுத்து, கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

'மாமி பக்கத்துலயா மாமா?'

'ஆமா.'

'மூணு நாளா அந்த ஹார்டு டிஸ்க்கை நான் திட்டாத திட்டு இல்ல' என்றாள். மூக்கை உறிஞ்சினாள். 'ஆபீசுக்கு நடங்க. பாண்டியண்ணன் வந்தா கம்ப்யூட்டர்ல கை வைக்க விடாதீங்க. போச்சுன்னா உங்க செட்டிங்ஸ் மட்டும்தான் போயிருக்கும். நிறம் மாத்தினதை அது எழுதிக்கிட்டிருக்கும்போது நீங்க கரண்டைப் புடுங்கிட்டீங்க. டேட்டா வேற, செட்டிங்ஸ் வேற. சாஃப்ட்வேரை நீக்கினாலும் செட்டிங்ஸ் ஃபைல் போகாது, அங்கயேதான் கெடக்கும். அதான் புதுசாப் போட்டும் அதே பெட்டி.'

ஓடவில்லை. அறுபத்தொன்றில் எப்படி ஓடுகிறது? நடந்தேன், ஓடுகிற மாதிரி.

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். சதவீதக் குறி, ஒவ்வொரு எழுத்தாக லோக்கல் ஆப் டேட்டா, மறுபடி சதவீதக் குறி. கபர் என்ற மஞ்சள் ஃபோல்டர். அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் ஒரே ஒரு ஃபைல்.

'எத்தனை கே.பி. காட்டுது?'

'நாலு.'

'நோட்பேடுல திறங்க.'

திறந்தேன். வெறும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை.

'எடை இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல, புள்ள.'

'அதேதான் மாமா. மூடிருங்க. அழிக்க வேண்டாம், பேரை மட்டும் பழசுன்னு மாத்துங்க. இப்போ சாஃப்ட்வேரைத் திறங்க.'

திறந்தது. சிவப்பு வட்டம் இல்லை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி, எங்கும் வெள்ளை, மேலே நான் வைத்திருந்த என் பேரும் இல்லை. கீழே ஒரு வரி: பதிவுகள் 0.

எனக்கு உட்கார நாற்காலி எங்கே என்று தெரியவில்லை. 'பர்வீன், யாரும் இல்ல. ஒருத்தருமே இல்ல.'

'பயப்படாதீங்க. டேட்டா எங்க இருக்குங்கிறதையும் அது மறந்துட்டு. டி டிரைவ், கபர் பதிவு, காட்டிக்கொடுங்க.'

காட்டிக்கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக வந்தார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. தெரிந்த பேர், தெரியாத பேர். என் அத்தா. மஸ்தான். மைமூன், கணவர் பேர் காதர் மைதீன். வெள்ளி மத்தியானம் ஜமாஅத் ஆபீசில் உட்கார்ந்து அழுதேன். யாரும் இல்லை. பர்வீன் கேட்டிருக்கும், இருக்கட்டும்.

பிறகு தேடும் கட்டத்தில் ஜொஹரா என்று அடித்தேன். மூன்று ஜொஹரா. தகப்பன் பேர் இஸ்மாயில், ஒன்றே ஒன்று.

7-14.

திரையில் விரல் வைத்து எண்ணினேன். பதினான்கு ஜொஹரா. பதினாறு மைமூன். நடுவில் பதினைந்து, மற்றக் காலி இடங்கள் மாதிரியே வெள்ளையாக. வேர் கிடந்த இடம். வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கம்.

'கெடச்சுதா மாமா?'

'கெடச்சுது.'

'பக்கத்துல காலியா?'

வாசலில் செருப்புச் சத்தம். பாண்டி வந்துவிட்டான். திறந்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்தது. 'எப்படி பாய்?' என்றான். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். 'தங்கச்சி மகள் சரிபண்ணிச்சு' என்றேன்.

பின்னாலேயே அப்பாஸ். 'என்னண்ணே, பிள்ளை பக்கத்துல காலி இருக்கா?'

பதினான்குக்கு அந்தப் பக்கம் பதிமூன்று, ஆள் உண்டு. பதினைந்தில் பாறை என்று சொன்னால் அப்பாஸ் நம்புவான். வேர் மிச்சம் இருக்கு என்றாலும் நம்புவான். நான் சொன்னால் இந்த ஊரில் எதையும் நம்புவார்கள், கைதட்டிக் கேட்பார்கள்.

'பதினஞ்சு காலி' என்றேன்.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி முதல் நாள். நல்ல மழை காலையில். சாக்கடை நிறைந்து ரோட்டுக்கு வந்தது.

மழை விட்டதும் மையவாடிக்குப் போய், 7-14இல் கல் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. அங்கிருந்து இரண்டு கை நிறைய மண் எடுத்தேன். தாளில் மடித்து இஸ்மாயில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

'அண்ணே, ஏழாம் வரிசை, பதினாலு. பக்கத்துல காலி. அப்பாஸ் சரின்னுட்டான்.'

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். பொய்க்காரன் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி. நான் தாளைப் பிரித்துக் காட்டினேன். 'அங்கன எடுத்த மண்.'

இடது கை வந்தது. ஈரக் கரிசல், விரலில் ஒட்டியது. ஒரு பிடி எடுத்தார், தாளிலேயே போட்டார். இன்னொன்று. மூன்றாவதற்குக் கை எட்டவில்லை. ஆமினா மைனி பிடிக்கப் போனது, வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவரே எடுத்துப் போட்டார்.

சாகுல் அடுப்படிக்குப் போய்விட்டான்.

மடித்து எடுத்துவந்து சின்னக் கபரின் மேல் அந்த மண்ணைப் போட்டேன். அங்கிருந்து ஆபீஸ். அப்பாஸிடம் மெயினைப் பற்றிச் சொன்னேன். 'உங்க கையெழுத்துலதானண்ணே அங்கன எழுதியிருக்கு!' என்றான். ஆமாம் என்றேன். மஞ்சளைச் சொல்லவில்லை. பர்வீனுக்குத் தெரியும், போதும்.

வாங்க வேண்டியது:
யு.பி.எஸ். பேட்டரி.
புது பென் டிரைவ், இது பதிவுக்கு மட்டும்.
கெட்டி அட்டை போட்ட நோட்டு, ஒன்று.

அக்டோபர் 20, திங்கள்

சுபுஹு தொழுகைக்கு முன்னால் சாகுல் போன். எடுக்கும்போதே தெரிந்தது.

லுஹர் தொழுது அடக்கம். மழை இல்லை, மண் மட்டும் ஈரம். குழிக்குள் ஓர் ஆள் ஆழத்தில் வேரின் மிச்சம் கிடந்தது. வெட்டும்போது வேப்ப வாசம். குழி வெட்டிய ஆள், 'நல்ல இடம், இளக்கமா இருக்கு' என்றான். வரிசையாக மண் போட்டார்கள். நானும் மூன்று பிடி.

கூட்டத்தில் பின்னால் யாரோ: 'கரெக்டா மக பக்கத்துல. எப்படிக் கண்டுபிடிச்சாங்க?' இன்னொருத்தர்: 'அதான் கம்ப்யூட்டர்ல இருக்காம்ல.' திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் போனபின் மைமூனிடம் நின்றேன். 'தெரிஞ்ச ஆள்தான்' என்றேன். வேறு என்ன சொல்ல?

மா. 4. ஆபீஸ். பதிந்தது: வரிசை 7, இடம் 15, இஸ்மாயில். சேமி அமுக்கினேன். புது நோட்டில் அதே வரியை மையில் எழுதினேன். திரையில் எழுத்து அளவைப் பெரிதாக்கிக்கொண்டேன், கண் தெரியவில்லை. நிறங்கள் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. சாம்பல் வைத்தேன், சிவப்பு வைத்தேன். மஞ்சளைத் தொடவில்லை.

வடக்கே இடி. கை எழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டேன். சாஃப்ட்வேரை மூடினேன், கம்ப்யூட்டரை முறையாக அணைத்தேன், திரை கறுக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகுதான் எழுந்து மெயின்.